மூடாத கால்வாய்க்கு ஒரு நன்றி

மனு அடித்துக் கொடுப்பது என் தொழில். எங்கள் மாவட்டம் 1989-ல் தனியாகப் பிரிந்தது. கலெக்டர் ஆபீஸ் வேங்கிக்காலுக்கு வந்ததும் நானும் டைப்ரைட்டரைத் தூக்கிக்கொண்டு போய் அதற்கெதிரே ஒரு தகர ஷெட்டில் உட்கார்ந்துவிட்டேன். இனி எதற்கெடுத்தாலும் வேலூருக்குப் பஸ் ஏற வேண்டாம், எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிட்டது என்று ஊரே பூரித்தது. கைக்கு எட்டியது நிஜம்தான். வாய்க்கு எட்டியதா என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள், பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

திங்கட்கிழமைகளில் கூட்டம் தாங்காது. கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து வேன் பிடித்து வருவார்கள். பட்டா, முதியோர் பென்ஷன், தெருவிளக்கு, சுடுகாட்டுப் பாதை. அவர்கள் அழுதுகொண்டே சொல்வதை நான் ஆபீஸ் தமிழில் அடித்துக் கொடுப்பேன். கைநாட்டு வைத்து உள்ளே கொண்டுபோவார்கள், சீல் வாங்கிக்கொண்டு வெளியே வருவார்கள். அந்த மனு அப்புறம் என்ன ஆனது என்று நான் விசாரித்ததே இல்லை. கோயில் வாசலில் கற்பூரம் விற்கிறவன் சாமி வரம் கொடுத்ததா என்று கேட்டுக்கொண்டா இருக்கிறான்.

நான் அடித்ததில் பலித்தது என்று நிச்சயமாகத் தெரிந்த மனு ஒன்றே ஒன்றுதான். அது என் அக்காவுக்கு எஸ்.டி.டி. பூத் கேட்டுப் போட்டது.

அக்காவுக்குக் கண் தெரியாது. ஐந்து வயதில் அம்மை வார்த்ததில் இரண்டும் போய்விட்டன. என்னைவிட ஆறு வயது பெரியவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செய்துகொண்ட என்னையும் என் மனைவியையும் சேர்த்து அதட்டிக்கொண்டு எங்களோடுதான் இருந்தாள். ஊனமுற்றவர்களுக்கு பூத் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மனுமேல் மனுவாக அடித்தேன். கடைசியில் எங்கள் தெருமுனையைத் தாண்டியதும் செங்கம் ரோட்டின்மேலேயே மரச்சட்டமும் கண்ணாடியுமாக ஒரு மஞ்சள் போர்டு பூத் கிடைத்தது. பக்கத்தில் ஒரு டீக்கடை. போட்ட முதல் வாரமே அக்கா அந்த ரோட்டுக்கு ராணியாகிவிட்டாள்.

நம்பரை ஒருதரம் சொன்னால் போதும், அவள் விரல் பட்டனைத் தேடாது. ஆசிரமத்துப் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருந்த வெள்ளைக்காரிகள் வந்து ஊருக்குப் பேசிவிட்டு அழுவார்கள். அக்காவுக்கு அவர்கள் பாஷை தெரியாது, அழுகை தெரியும், ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டுவாள். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை வியாபாரிகள் விழுப்புரத்துக்கு விலை கேட்டுக் கத்துவார்கள். "இவ்ளோ கத்தறவனுக்குப் போன் எதுக்குப்பா, ரோட்ல நின்னு கத்து, விழுப்புரத்துக்கே கேக்கும்" என்பாள். அவர்கள் சிரிப்பார்கள், மறுநாளும் வருவார்கள்.

ஆனால் பூத்தைவிட அவளுக்குப் பெருமை, அங்கே தனியாகப் போய் வருவதில். எங்கள் தெரு என்று மரியாதைக்குச் சொல்கிறேன், அது ஒரு சந்து. வாசலில் இறங்கி இடதுகைப் பக்கம் நடந்தால் பிள்ளையார் கோயில் எண்ணெய் வாசனை, பிறகு மாவு மில் சத்தம், பிறகு தெருமுனை. முனையில் ரோட்டோரக் கால்வாய் குறுக்கே போகும். அதன்மேல் கருங்கல் சிலாப் போட்டிருந்தார்கள். அக்கா குச்சியால் சிலாப்பை இரண்டு தட்டு தட்டுவாள், தாண்டுவாள், பூத்துக்குப் போய்விடுவாள். காலையில் ஒரு நடை, மத்தியானம் சாப்பாட்டுக்கு ஒரு நடை, சாயங்காலம் திரும்பும்போது ஒரு நடை. யார் கையையும் பிடிக்க மாட்டாள். பிடிக்க வந்தவர்களை அவள் திட்டியதை நான் கேட்டிருக்கிறேன், எழுத முடியாது.

எங்கள் ஊர் நகராட்சி ஆபீஸுக்குக் கண் திறப்பது கார்த்திகை தீபத்துக்கு முந்தின மாதத்தில்தான். மற்ற பதினோரு மாதமும் தூக்கம். அந்த ஒரு மாதத்தில் சுவருக்கெல்லாம் சுண்ணாம்பு அடிப்பார்கள், ரோட்டோரம் பிளீச்சிங் பவுடரால் கோடு போடுவார்கள். அப்படி ஒரு தீபத்துக்கு முன்னால் கால்வாய் தூர் வாருகிறோம் என்று ஆட்கள் வந்தார்கள். கடப்பாரை போட்டு சிலாப்புகளை நெம்பினார்கள். பாதி உடைந்தது. உடையாதது ஒரு டிராக்டரில் ஏறிப் போனது. வாரிய சேற்றை ரோட்டிலேயே குவித்து, அதன்மேல் வெள்ளைப் பவுடரைத் தூவிவிட்டுப் போய்விட்டார்கள். சிலாப் எப்போது வரும் என்று கேட்டதற்கு "வரும் சார், வரும்" என்றார் மேஸ்திரி. தீபம் வந்தது, சிலாப் வரவில்லை.

மூன்றடி அகலம், இடுப்பளவு ஆழம், கன்னங்கரேல் என்று தண்ணீர். கண் தெரிந்தவர்கள் எட்டி வைத்துத் தாண்டினார்கள். சைக்கிள்காரர்கள் ஒரு பலகையைப் போட்டுக் கடந்துவிட்டு, திருட்டுப் போகாமலிருக்க எடுத்து மாவு மில்லுக்குள் சாய்த்து வைத்தார்கள். பாதிக்கப்பட்டது அக்கா ஒருத்திதான். காலையில் நான் கையைப் பிடித்துத் தாண்டவைத்துவிட்டு வேங்கிக்காலுக்குப் போவேன். சாயங்காலம் நான் திரும்பிவந்து அழைத்தால்தான் அவளுக்கு வீடு. "மாட்டை ஓட்டற மாதிரி ஓட்டாதடா" என்று தினமும் எரிந்து விழுவாள். மத்தியானச் சாப்பாட்டை என் மனைவி டிபன் பாக்ஸில் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

ஒருநாள் டிபன் பாக்ஸோடு போன தண்ணீர் பாட்டில் அப்படியே திரும்பி வந்தது. அடுத்த நாளும் வந்தது. ஏன் குடிக்கவில்லை என்று மனைவி கேட்டதற்கு அக்கா சாதாரணமாகச் சொன்னாள்: "அவசரம்னா ஊட்டுக்கு வர முடியாதில்ல. அதான் தண்ணிய கம்மி பண்ணிட்டேன்." பூத்துக்குப் பக்கத்தில் பெண்கள் ஒதுங்க ஒரு இடமும் கிடையாது. காலை எட்டிலிருந்து சாயங்காலம் ஆறு வரை வெயிலில் கண்ணாடிக் கூண்டுக்குள் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

அந்த வருஷங்களில் ஆபீஸ் சும்மா இருந்தது என்று சொன்னால் பாவம். ஊருக்குள் நுழைகிற இடத்தில் வளைவு கட்டினார்கள். ஒரு கூட்டு ரோட்டில் நீரூற்று வைத்தார்கள், திறப்பு விழா அன்று அது பீறிட்டது, பிறகு அதில் தவளைதான் இருந்தது. வேலை நடக்கிற இடத்தில் போர்டு வைக்க வேண்டும் என்று விதி. போர்டு வைத்தார்கள், பணியின் பெயர் எழுதினார்கள், மதிப்பீடு என்று போட்டு அதற்கெதிரே காலியாக விட்டார்கள். ஊரார் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்பார்கள். நெய் எவ்வளவு என்றாவது சொன்னால் பரவாயில்லை என்றிருந்தது எனக்கு.

அந்தச் சமயத்தில்தான் வெகு காலத்துக்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்து எங்கள் வார்டுக்கும் ஒரு கவுன்சிலர் வந்தார். வாடகைப் பாத்திரக் கடை வைத்திருந்தவர், கெட்டவர் இல்லை. போய்ச் சொன்னேன். "அக்காவுக்காகவே பண்றேண்ணே" என்றார். நாலு மாதத்தில் வந்து, "தீர்மானம் வருதுண்ணே, நீங்களே வந்து பாருங்க" என்று கூப்பிட்டார். நானும் ஒருநாள் வருமானத்தை விட்டுவிட்டு நகர்மன்றக் கூட்டத்துக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். ஒருவர் பொருள் எண்களை மட்டும் வாசித்தார். பொருள் என்ன என்று வாசிக்கவில்லை. எண் வாசிக்க வாசிக்க எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். வந்த போண்டா ஆறுவதற்குள் அத்தனையும் பாஸ். எங்கள் கால்வாய் எந்தத் தட்டலில் போனது என்று எனக்கும் தெரியவில்லை, கவுன்சிலருக்கும் தெரியவில்லை.

பாஸானதோடு சரி. எஸ்டிமேட் போட்டாச்சு என்றார்கள், டெண்டர் விட்டாச்சு என்றார்கள். குழி அப்படியே இருந்தது. மூன்று மனு போட்டேன். மூன்றுக்கும் சீல் கிடைத்தது.

அப்போதுதான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. யார் சொல்லிக் கொடுத்ததும் இல்லை, என் சொந்தப் புத்தி. இத்தனை வருஷம் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருந்ததில் நான் கவனித்த ஒன்று, மனுவை எந்த அதிகாரியும் படிப்பதில்லை, நன்றிக் கடிதத்தை மட்டும் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டுகிறார்கள். தீபம் நெருங்கிவிட்டால் எங்கள் ஊர்ச் சுவரில் இடமே இருக்காது. எல்லாம் நன்றி நோட்டீஸ். விளக்குப் போட்டதற்கு நன்றி, பஸ் விட்டதற்கு நன்றி, வருகை தந்ததற்கு நன்றி, வருகை தரப் போவதற்கு நன்றி. நாமும் ஒன்று அடித்து முன்கூட்டியே ஒட்டிவிட்டால் என்ன? ஊரெல்லாம் நன்றி சொன்ன பிறகு செய்யாமல் இருக்க எவனுக்குத்தான் கூசாது? வெட்கப்பட்டாவது நாலு சிலாப்பைக் கொண்டுவந்து போடுவான்.

பிள்ளையார் கோயிலில் தெருக்காரர்களைக் கூட்டிச் சொன்னேன். நான்தான் தெரு நலச் சங்கத்துக்குச் செயலாளர், காரணம் வீட்டில் டைப்ரைட்டர் இருந்தது. எல்லோருக்கும் யோசனை பிடித்துப்போனது. "மூளைக்காரன்யா" என்று ஒருவர் முதுகில் தட்டினார். அக்காவுக்கு மட்டும் சொல்ல வேண்டாம் என்று நானே முடிவு செய்தேன். ஒருத்தனுக்கு ஜால்ரா தட்டுவது அவளுக்குப் பிடிக்காது, கேள்விப்பட்டால் என்னைக் கழுவி ஊற்றிவிடுவாள். தவிர, வேலை முடிந்த பிறகு கையைப் பிடித்துக் கூட்டிப்போய், இப்போ தட்டிப் பாருக்கா என்று சொல்ல வேண்டும் என்றும் ஓர் ஆசை இருந்தது.

ரோஸ் காகிதத்தில் அடித்தோம். 'எங்கள் தெருமுனைக் கால்வாய்க்குக் கல் மூடி அமைத்துத் தந்து பொதுமக்களின் இன்னல் தீர்த்த மன்றத்துக்கு நன்றி! நன்றி!! நன்றி!!!' கீழே தெருப் பொதுமக்கள் சார்பாக என்று போட்டு, செயலாளர் என்று என் பெயர். அதையே லெட்டர்பேடில் ஒன்று அடித்துக் கையெழுத்துப் போட்டு, சால்வையும் எலுமிச்சம்பழமுமாக நாலுபேர் ஆபீஸில் கொண்டுபோய்க் கொடுத்தோம். அதிகாரி சிரித்த முகமாக வாங்கிக்கொண்டார். எதற்கு நன்றி என்று அவர் கேட்கவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மறுநாள் காலையில் வழக்கம்போல அக்காவைத் தாண்டவைத்துவிட்டு வேங்கிக்காலுக்குப் போனேன். நோட்டீஸ் ஒட்டுகிறவன் பத்து மணிக்கு மேல் எங்கள் பக்கம் வந்திருக்கிறான். டீக்கடைத் தட்டியில் ஒன்றை ஒட்டியிருக்கிறான். பசை வாசனை வந்ததும் அக்கா, "என்னாபா ஒட்டிட்டுப் போறாங்க?" என்று கேட்டிருக்கிறாள். டீக்கடைக்காரர் படித்திருக்கிறார். அவர் அடுத்த தெரு, எங்கள் சதியாலோசனை அவருக்குத் தெரியாது. கீழே என் பெயர் இருப்பதையும் சேர்த்தே படித்திருக்கிறார்.

மத்தியானம் பன்னிரண்டரைக்கு, என் ஷெட்டுக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்குப் போன் வந்தது. டீக்கடைக்காரர் பேசினார். அக்காவின் பூத்திலிருந்தேதான் பேசினார். "அக்கா கால்வால உழுந்துடுச்சிப்பா. தூக்கிப் போட்டுக்கினு பெரியாஸ்பத்திரி போறாங்க, நீ அங்க வந்துடு."

வலதுகால் கணுக்காலில் எலும்பு முறிந்திருந்தது. நெற்றியில் தையல். புடவையெல்லாம் சாக்கடை. கட்டு போட்டு முடிந்து, நர்ஸ் நகர்ந்த பிறகு அக்கா கேட்டாள்.

"நோட்டீஸ் நீ போட்டதுதானே?"

"ஆமாக்கா."

"உன் பேரு இருக்குதுன்னான். அப்பறம் எனக்கு இன்னாடா சந்தேகம்? காலையில நீ தாண்டவெச்சப்பறம் போட்டிருப்பாங்க, ரோட்டு இரைச்சல்ல எனக்குத்தான் கேக்கலன்னு நெனச்சேன். பூத்தை சாத்திட்டு, ஊட்டுக்குப் போயி வயிறு நெறைய தண்ணி குடிக்கணும்னு கெளம்பிட்டேன். எப்பவும் ரெண்டு தட்டு தட்டுவேன். இன்னிக்கு ஒரு தட்டுலயே கல்லு சத்தம் கேட்டுச்சு. அது கரையோரத்துக் கல்லுனு தெரியல. சந்தோஷத்துல ஒரு தட்டு கம்மி பண்ணிட்டேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் திட்டவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் வராந்தாவுக்கு வந்து அழுதேன். ஊருக்கெல்லாம் மனு அடிக்கிறவன், வீட்டில் ஒருத்திக்குக் குழி வெட்டியிருக்கிறேன்.

பூத் இரண்டு மாதம் மூடிக்கிடந்தது. அந்த ஆத்திரத்தில் ஒரு மனு அடித்தேன். என் தொழிலிலேயே அதுபோல் ஒன்று அடித்ததில்லை. பணிவுடன் என்ற வார்த்தையே அதில் கிடையாது. விழுந்தது யார், எப்படி, எந்தக் குழி, யார் பொறுப்பு, எல்லாம் இருந்தது. சீல் வாங்கிக்கொண்டு வந்தேன்.

பதில் வந்தது. என் வாழ்க்கையில் என் பெயருக்கு வந்த முதல் பதில் அது. 'பார்வையில் கண்ட தங்கள் மனு தொடர்பாக' என்று ஆரம்பித்தது. மேற்படி தெருமுனைக் கால்வாய்க்குக் கல் மூடி அமைக்கும் பணி முழுமையாக முடிக்கப்பட்டு, ஒப்பந்ததாரருக்குப் பட்டியல் தொகையும் வழங்கப்பட்டுவிட்டது. பணி திருப்திகரமாக முடிந்தமைக்கு அத்தெரு பொதுமக்களே நன்றி தெரிவித்துள்ளனர், நகல் இணைக்கப்பட்டுள்ளது. புரட்டினேன். லெட்டர்பேடு ஜெராக்ஸ். கீழே என் கையெழுத்து, சுழியெல்லாம் அழகாக விழுந்திருந்தது.

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான். ஓடினேன் ஆபீஸுக்கு. அந்த செக்‌ஷன் கிளார்க் எனக்குப் பழக்கமானவர்தான். டீ சொல்லிவிட்டு நிதானமாகப் பேசினார்.

"நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கீங்க சார். இதவிட என்னா வேணும்? பில்லோட வெக்கறதுக்கு இந்த மாதிரி லெட்டர் கெடைக்கவே கெடைக்காது."

"குழி அப்படியே இருக்குதுங்க. வந்து பாருங்க."

"நான் பார்க்கறது ஃபைல்தான் சார். ஃபைல்ல குழி இல்ல."

"சரி, புதுசா ஒரு எஸ்டிமேட்டாவது போடலாமில்ல?"

"முடிஞ்ச வேலைக்கு மறுபடியும் எப்படிப் போடறது? ஆடிட்டு ஒத்துக்க மாட்டாங்க. அஞ்சாறு வருஷம் போவட்டும், பழுதுனு போடலாம்."

கவுன்சிலரைப் பிடித்தேன். கரண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார், முகம் செத்துப்போயிருந்தது. "என்னை நம்புங்கண்ணே. நீங்க நன்றினு நோட்டீஸ் போட்டதும், அட, போட்டுட்டாங்கபோலனு நெனைச்சுக்கிட்டேன். நான் வந்து பார்க்கவே இல்லண்ணே." நம்பினேன். அவர் பொய் சொல்லவில்லை. எங்கள் ஊரில் யாருமே வந்து பார்ப்பதில்லை, எழுதியிருப்பதைத்தான் பார்க்கிறார்கள்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு வெறி பிடித்தது. இருபது ரூபாய்க்கு மனு அடிக்கிறவன் நான், ஒரு திங்கட்கிழமை நானே வரிசையில் நின்று கலெக்டர் ஆபீஸுக்குள் போனேன். 'உரிய நடவடிக்கைக்கு' என்று எழுதி, என் மனுவை அதே நகராட்சி ஆபீஸுக்கே அனுப்பினார்கள். அங்கிருந்து அதே ஜெராக்ஸ் மறுபடியும் வந்தது. போட்டோக்காரரைக் கூட்டிவந்து குழியை நாலு பக்கமும் படம் எடுத்தேன். மேலே எழுதினேன், அதற்கு மேலேயும் எழுதினேன். யாராவது ஒருத்தன் ஒருநாள் நேரில் வந்து பார்ப்பான், அன்றைக்கு இந்தக் குழிதான் சாட்சி என்று உட்கார்ந்திருந்தேன்.

அக்கா கட்டு பிரித்து, லேசாக இழுத்து இழுத்து நடந்து, மறுபடியும் பூத்துக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டுதான். "பழைய குருடி கதவைத் தெறடி" என்று அவளே சொல்லிச் சிரித்தாள். தண்ணீர் பாட்டில் மறுபடியும் அப்படியே திரும்பி வந்தது.

என் மனைவிதான் ஒருநாள் கேட்டாள். "ரெண்டு கருங்கல் சிலாப்பு வாங்கி நாமே போட்டா என்னாங்க? அதுக்கு இவ்ளோ பாடா?"

"போட்டா அவங்க பில்லு நெஜமாயிடும். செய்யாத வேலைக்குக் காசு எடுத்தான், நாம காசு போட்டு அவனை யோக்கியனாக்கணுமா? குழி இருக்கறவரைக்கும்தான் நம்ம பேச்சு எடுபடும்."

உள்ளேயிருந்து அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். வாசல்வரை தடவிக்கொண்டு வந்து நின்றாள்.

"ஏண்டா, உன் சாட்சிய காப்பாத்தறதுக்கு நான் எத்தினி நாளு தாகத்தை அடக்கணும்?"

நான் குழியின் போட்டோக்களை எடுத்து உறைக்குள் போட்டேன்.

"அவன் திருடன். சரி. அவனைத் திருடன்னு காட்டறதுக்கு உனக்கு ஒரு குழி வேணும். அவனுக்கும் குழி, உனக்கும் குழி. எனக்கு ஊட்டுக்குப் போவணும்டா."

அந்த ஞாயிற்றுக்கிழமையே கொத்தனார் வந்தார். இரண்டு சிலாப், கொஞ்சம் சிமெண்ட், அரைநாள் வேலை. அக்கா பக்கத்திலேயே ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். பூசி முடித்ததும் குனிந்து உள்ளங்கையால் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை தடவிப் பார்த்தாள். ஈரம் காயட்டும் என்று கொத்தனார் சொன்னதற்கு, நான் என்ன லாரியா என்று கேட்டாள். செலவு அவளுடையது, பூத் வருமானத்திலிருந்து. என்னிடம் ஒரு பைசா வாங்கவில்லை.

ஆறேழு மாதம் ஆகியிருக்கும். ஒரு காலை நேரம், நான் கிளம்பிக்கொண்டிருந்தபோது தெருமுனையில் ஜீப் நின்றது. டேப்பும் கனத்த நோட்டுமாக இரண்டு பேர் இறங்கினார்கள். எந்த மனுவின் பலனோ தெரியாது, நான் கும்பிட்டுக் கூப்பிட்ட காலத்தில் வராதவர்கள் நேரில் பார்க்க வந்துவிட்டார்கள். சிலாப்பை அளந்தார்கள். ஷூ காலால் ஒரு மிதி மிதித்தார்கள்.

"வேலை நல்லாத்தானே பண்ணியிருக்கான்? யார் சார் கம்ப்ளெயிண்டு போட்டது?"

நான்தான் என்றேன். இது நாங்கள் போட்டது என்றேன். பெரியவராக இருந்தவர் என்னை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். கோபம்கூட இல்லை, என்னைப் போலவே அவருக்கும் அலுப்பு.

"நீங்க போட்டதுன்னா அது ஆக்கிரமிப்பு சார். பொதுக் கால்வாய் மேல பர்மிஷன் இல்லாம கட்டினது. நான் எழுதினேன்னா நாளைக்கே கடப்பாரையோட ஆளு வரும். வேலை நடந்திருக்குதுன்னா, இதோ இங்க ஒரு கையெழுத்து. பொதுமக்கள் முன்னிலையில் சரிபார்க்கப்பட்டதுனு. ரெண்டுல எது வேணும், நீங்களே சொல்லுங்க."

சத்தம் கேட்டு அக்கா பூத்திலிருந்து எட்டிப் பார்த்தாள், அதாவது காதை வைத்தாள். நான் பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றது அவளுக்கு எப்படித் தெரிந்ததோ. "போட்டுக் குடுத்துட்டு வேலையப் பாருடா" என்றாள்.

போட்டேன். தெரிந்தே போட்டேன். முதல் கையெழுத்து முட்டாள்தனம், இதற்கு என்ன பெயர் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

பிற்பாடு தகவல் உரிமைச் சட்டம் வந்தது. டைப்ரைட்டர் போய் ஷெட்டில் கம்ப்யூட்டர் வைத்துவிட்டேன். எல்லோரும் வந்து அந்த பில் நகல் வேண்டும், இந்த ஃபைலைப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறார்கள். நானும் சளைக்காமல் அடித்துக் கொடுக்கிறேன். எங்கள் தெருமுனை ஃபைலை மட்டும் நான் கேட்டதே இல்லை. கேட்டால் கொடுப்பார்கள். அதில் எல்லாம் ஒழுங்காக இருக்கும். தீர்மானம், எஸ்டிமேட், பில், பொதுமக்கள் நன்றி, நேரடி ஆய்வு. இரண்டு இடத்தில் என் கையெழுத்து. பொய் என்று யாராவது சொன்னால் நானே முதலில் மறுக்க வேண்டியிருக்கும்.

ஜீப் வந்துபோன மறுநாள் காலை, வழக்கத்துக்கு மாறாக நானும் அக்காவோடு சேர்ந்து நடந்தேன். கையைப் பிடிக்கவில்லை, பின்னால் நடந்தேன். எண்ணெய் வாசனை தாண்டி, மாவு மில் தாண்டி, தெருமுனைக்கு வந்தாள். சிலாப்பைத் தட்டினாள். ஒன்று. இரண்டு. நின்றாள். மூன்றாவதாக ஒரு தட்டு தட்டினாள்.

"எப்பவும் ரெண்டுதானேக்கா. மூணாவது எதுக்கு?"

"நேத்து கையெழுத்துப் போட்டியே, அதுக்கு" என்று சொல்லிவிட்டு, தாண்டிப் போனாள்.